அல்கோல்: ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் இரட்டை விண்மீனை எடைபோடுவது எப்படி?

பெர்சியஸ் விண்மீன் குழுவில் இருக்கும் அல்கோல், 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை தன் ஒளியில் ஏறக்குறைய 70 சதவீதத்தை இழக்கிறது. ஐந்து மணி நேரம் மங்கிக்கொண்டே போய், அடுத்த ஐந்து மணி நேரத்தில் பழைய பொலிவுக்குத் திரும்புகிறது. இதைக் காணத் தொலைநோக்கி வேண்டாம். வெறும் கண், ஒரு குறிப்பேடு, நேரம் காட்டும் கடிகாரம் ஆகியவை போதும்.

அந்தப் புள்ளிக்குள் இரண்டு விண்மீன்கள் மிக நெருக்கமாகச் சுற்றி வருகின்றன. சுற்றுப்பாதையை நாம் ஏறக்குறைய விளிம்புப் பக்கமாகப் பார்ப்பதால் ஒன்றை ஒன்று மறைக்கிறது. இப்படிப்பட்டவற்றைக் கிரகண இரட்டை விண்மீன்கள் என்கிறார்கள். பூமியிலிருந்து ஏறக்குறைய 90 ஒளியாண்டு தொலைவில் இருப்பதால், சாதாரணத் தொலைநோக்கி எதிலும் இந்த இரண்டும் தனித்தனியாகத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொன்றின் எடை, அளவு, வெப்பநிலை எல்லாம் வானியலாளர்களுக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதை, நீங்களே செய்து பார்க்கக்கூடிய வேலைகளில் தொடங்கி, பெரிய ஆய்வகங்களின் வேலை வரை படிப்படியாகப் பார்ப்போம். கடைசி வரை ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒளியின் ஏற்ற இறக்கம் விகிதங்களைத்தான் தரும், கிலோமீட்டரும் கிலோகிராமும் வேண்டுமானால் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையிடம் போக வேண்டும். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் விண்மீன் எடைபோடப்படுகிறது.

படி 1: வானத்தில் அடையாளம் காணுங்கள்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை மேகங்கள் தொந்தரவு செய்யும். ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். ஜனவரி முதல் வாரத்தில் இரவு 8 மணியளவில் அல்கோல் வடக்கு வானில் தன் உச்சத்தில் இருக்கும். சென்னையில் அடிவானத்திலிருந்து 62 டிகிரி, யாழ்ப்பாணத்தில் 59 டிகிரி உயரம்.

வடக்கு நோக்கி நின்று தலைக்கு மேலே கார்த்திகைக் கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. கார்த்திகையிலிருந்து இரண்டு முஷ்டி வடக்கே, சற்று இடப்பக்கமாக இறங்கினால் வருவது அல்கோல். அதற்கும் ஒரு முஷ்டி கீழே, சற்று வலப்பக்கம், பெர்சியஸ் குழுவிலேயே பொலிவு மிகுந்த மிர்ஃபாக். அல்கோலுக்கு இடப்பக்கம் ஒரு முஷ்டிக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் ஆண்ட்ரோமெடா குழுவின் அல்மாக். இந்த மூன்றும் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்தை ஒருமுறை மனதில் பதித்துவிட்டால் பிறகு தவறவே தவறாது.

படி 2: பொலிவை மதிப்பிடப் பழகுங்கள்

விண்மீன்களின் பொலிவை எண்ணால் குறிக்கும்போது எண் கூடக் கூட விண்மீன் மங்கலானது. சாதாரண நேரத்தில் அல்கோலின் பொலிவெண் 2.1, கிரகணத்தின் அடிமட்டத்தில் 3.4. இதை அளக்க, மாறாத பொலிவுள்ள அண்டை விண்மீன்களே அளவுகோல். அல்மாக் 2.1, பெர்சியஸ் குழுவிலேயே இருக்கும் எப்சிலான் பெர்சி 2.9, டெல்டா பெர்சி 3.0, முக்கோணம் என்ற குழுவின் ஆல்ஃபா 3.4. இந்த நான்கும் போதும்.

வழிமுறை எளிது. அல்கோலைவிடச் சற்றுப் பொலிவான ஒன்றையும் சற்று மங்கலான ஒன்றையும் தேர்ந்துகொண்டு, இரண்டுக்கும் நடுவே அல்கோல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அல்மாக்குக்கும் எப்சிலானுக்கும் சரிபாதியில் இருப்பதாகத் தோன்றினால் 2.5 என்று எழுதுங்கள். எப்சிலான் பக்கம் முக்கால் பங்கு சாய்ந்திருந்தால் 2.7. பழகிய கண் பொலிவெண்ணில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைப் பிடித்துவிடும்.

சில எச்சரிக்கைகள். அல்கோலுக்குப் பக்கத்திலேயே, ஒப்பிட வசதியாகத் தெரியும் ரோ பெர்சியை எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் பொலிவு மாறும் விண்மீன்தான். அடிவானத்துக்கு அருகில் இருக்கும் விண்மீனின் ஒளியைக் காற்று கூடுதலாக விழுங்கும் என்பதால் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பவற்றையே ஒப்பிடுங்கள். பார்க்கத் தொடங்கும் முன் கால் மணி நேரம் இருட்டில் இருந்து கண்ணைப் பழக்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது: கிரகணம் எத்தனை மணிக்கு என்ற முன்கணிப்பை நிமிடக் கணக்கில் மனதில் வைத்துக்கொண்டு மதிப்பிடாதீர்கள். எதிர்பார்ப்பு கண்ணை ஏமாற்றும். 'இன்று இரவு' என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். கண்ட எண்ணை அப்படியே எழுதிவிட்டு, முந்தைய எண்ணைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

கேமரா வைத்திருப்பவர்கள் முக்காலியில் பொருத்தி, குவியத்தைக் கொஞ்சம் கலைத்து, ரா வடிவத்தில் படம் எடுக்கலாம். விண்மீனின் ஒளி பல பிக்சல்களில் பரவினால் அளவீடு சீராக இருக்கும். பச்சை நிறப் பகுதியை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் மனிதக் கண்ணின் உணர்திறனுக்கு நெருக்கமான எண் கிடைக்கும்.

படி 3: ஓர் இரவு முழுவதையும் வரைபடமாக்குங்கள்

அல்கோலின் கிரகண நேரங்களை வானியல் இதழ்களும் 1911-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்காளர் சங்கமும் வெளியிடுகின்றன. அவை பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும்; 5 மணி 30 நிமிடம் கூட்டினால் இந்திய, இலங்கை நேரம். ஒரு கிரகணத்தின் நேரம் தெரிந்தால் அடுத்ததை நீங்களே கணக்கிடலாம். 2 நாள் 20 மணி 49 நிமிடம் என்பது மூன்று நாளுக்கு 3 மணி 11 நிமிடம் குறைவு. இன்று இரவு 11 மணிக்குக் கிரகணத்தின் நடுநேரம் என்றால் மூன்றாம் நாள் இரவு 7.49-க்கு அடுத்த கிரகணத்தின் நடுநேரம். அதற்கடுத்தது பிற்பகலில் போய்விடும். அதனால் வசதியான நேரத்தில் இரண்டு அல்லது மூன்று கிரகணங்கள் அடுத்தடுத்து வரும், பிறகு கொஞ்ச நாள் இடைவெளி.

தேர்ந்த இரவில் கால் மணிக்கு ஒருமுறை மதிப்பிடுங்கள். கிடைமட்ட அச்சில் நேரம், செங்குத்து அச்சில் பொலிவெண். இப்படி வரையும் கோட்டுக்குத்தான் ஒளி வளைவு என்று பெயர்.

மிக மங்கலான கணம் எது என்பதை நேரடியாகக் கண்டுபிடிப்பது கடினம். அடிமட்டத்தில் பொலிவு மெதுவாகவே மாறும். பத்துப் பதினைந்து நிமிடம் ஒரே மாதிரித் தோன்றும். அதனால் சரிவுகளைப் பயன்படுத்துங்கள். இறங்கும்போது 8.20-க்கு 2.9 ஆக இருந்தது, ஏறும்போது 12.10-க்கு மீண்டும் 2.9 ஆனது என்றால் நடுநேரம் 10.15. இதேபோல் 2.7, 3.1 ஆகிய மட்டங்களிலும் கணக்கிட்டு மூன்றுக்கும் சராசரி எடுங்கள். பொலிவு வேகமாக மாறும் இடத்தில்தான் நேரம் துல்லியமாகக் கிடைக்கும்.

படி 4: சுற்றுக்காலத்தைக் கூர்மையாக்குங்கள்

ஒரே கிரகணத்தின் நேரத்தைக் கண்ணால் பத்து நிமிடத் துல்லியத்துக்கு அளக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு கிரகணங்களை மட்டும் பார்த்தால் சுற்றுக்காலத்திலும் பத்து நிமிடப் பிழை இருக்கும். ஆனால் ஒன்றை இன்றும் இன்னொன்றை 40 சுற்றுகள் கழித்தும், அதாவது ஏறக்குறைய 115 நாள் கழித்தும் பார்த்தால், அதே பத்து நிமிடப் பிழை நாற்பதால் வகுபடும். ஒரே பருவத்தில் 15 நொடித் துல்லியம்! வானியலில் பொறுமைக்கு இவ்வளவு நேரடியான பலன் கிடைக்கும் இடங்கள் குறைவு.

இந்தத் துல்லியத்துக்கு வந்துவிட்டால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நவம்பர் நடுவில் பூமி, சூரியனுக்கும் அல்கோலுக்கும் இடைப்பட்ட பக்கத்தில் இருக்கிறது. அப்போது அல்கோலின் ஒளி, சூரியனை அடைவதற்கு ஏழு நிமிடத்துக்கும் மேல் முன்னதாக நம்மை அடைந்துவிடும். பிப்ரவரி நடுவில் அந்த முந்துதல் இல்லை. திருத்தாமல் விட்டால் உங்கள் சுற்றுக்காலம் பத்து நொடிக்கும் மேல் நீண்டதாகத் தோன்றும். அதனால்தான் வானியலாளர்கள் எல்லாக் கிரகண நேரங்களையும் சூரியனில் நின்று பார்ப்பது போல மாற்றி எழுதுகிறார்கள்.

படி 5: மறைப்புதானா என்று சோதியுங்கள்

அல்கோலின் பொலிவு மாறுவதை 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோன்யாவில் ஜெமினியானோ மொன்டனாரி குறித்துவைத்தார். ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டவர் இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக். சிறு வயதிலேயே செவித்திறனை இழந்தவர். அண்டை வீட்டு நண்பர் எட்வர்ட் பிகாட்டுடன் சேர்ந்து வானத்தைக் கவனித்தார். 1782 நவம்பர் 12 இரவு அல்கோல் மங்கியிருப்பதைப் பார்த்தபோது அவருக்கு வயது 18. அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் சுற்றுக்காலத்தை இன்றைய மதிப்புக்குச் சில நிமிட வித்தியாசத்தில் கண்டறிந்துவிட்டார். லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு 1783-ஆம் ஆண்டின் கோப்லி பதக்கத்தை வழங்கியது. 1786-இல், 21 வயதில் இறந்துபோனார். மேலே படி 2-இலும் 3-இலும் சொன்னதைத்தான் அவரும் செய்தார்: அண்டை விண்மீன்களோடு ஒப்பிட்டார், நேரத்தைக் குறித்தார்.

குட்ரிக் இரண்டு விளக்கங்களை முன்வைத்தார். ஒன்று, பெரிய இருண்ட பொருள் ஒன்று அல்கோலைச் சுற்றி வந்து மறைக்கலாம். மற்றொன்று, அல்கோலின் ஒரு பக்கம் கரும்புள்ளிகளால் நிறைந்திருந்து, அது சுழலும்போது அந்தப் பக்கம் நம் பக்கம் திரும்பலாம். இரண்டில் எது? உங்கள் ஒளி வளைவே ஒரு துப்பு தருகிறது. விண்மீன் சுழலும்போது அதன் மேல் உள்ள கறை ஏறக்குறைய பாதிச் சுழற்சிக்கு நம் பார்வையில் இருக்கும். அதனால் பொலிவு நீண்ட நேரம் மெல்ல மாற வேண்டும். அல்கோலோ 69 மணி நேரத்தில் 59 மணி நேரம் ஏறக்குறைய மாறாமல் இருந்துவிட்டு, பத்து மணி நேரத்தில் மட்டும் சடாரென விழுந்து எழுகிறது. மறைப்புக்குத்தான் இந்த வடிவம் பொருந்தும்.

துப்பு வேறு, நிரூபணம் வேறு. நிரூபணத்துக்கு நூறு ஆண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1889-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஹெர்மன் கார்ல் ஃபோகல், அல்கோலின் நிறமாலையைப் புகைப்படமாக எடுத்தார். நம்மைவிட்டு விலகும் பொருளின் நிறமாலைக் கோடுகள், அதாவது நிறமாலையின் குறுக்கே தெரியும் மெல்லிய கோடுகள், சிவப்புப் பக்கம் நகரும். நெருங்கும் பொருளுடையவை நீலப் பக்கம் நகரும். இதுதான் டாப்ளர் விளைவு. கிரகணத்துக்கு முன் அல்கோல் நம்மைவிட்டு விலகியது, கிரகணத்துக்குப் பின் நம்மை நோக்கி வந்தது. துணை விண்மீனுக்குப் பின்னால் சென்று மறைந்து மீண்டும் வெளியே வரும் ஒன்று அப்படித்தான் நகர வேண்டும். கரும்புள்ளி விளக்கம் அத்தோடு முடிந்தது.

படி 6: ஒளி வளைவை வரிவரியாகப் படியுங்கள்

இனி மறைக்கப்படும் வெப்பமான விண்மீனை ஏ என்றும், அதை மறைக்கும் குளிர்ந்த விண்மீனை பி என்றும் அழைப்போம்.

முதலில் கிரகணத்தின் ஆழம். 2.1-இலிருந்து 3.4-க்கு இறங்குவது 1.3 பொலிவெண். கணக்கிட்டால் ஒளியில் 30 சதவீதமே மிஞ்சுகிறது. 70 சதவீதம் மறைகிறது.

அரைச் சுற்றுக்குப் பிறகு ஏ முன்னால் வந்து பி-யை மறைக்க வேண்டும் அல்லவா? மறைக்கிறது. ஆனால் பொலிவு 0.06 அளவுக்கே, அதாவது ஏறக்குறைய 5 சதவீதம்தான் குறைகிறது. கண்ணுக்கு இது பிடிபடாது. 1910-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜோயல் ஸ்டெபின்ஸ், ஒளி பட்டால் மின்தடை மாறும் செலினியம் கலத்தைத் தொலைநோக்கியில் பொருத்தி இந்தச் சின்னக் கிரகணத்தை முதன்முதலில் அளந்தார். குட்ரிக் சொன்ன 'இருண்ட பொருள்' இருண்டதல்ல, அதுவும் ஒளிரும் விண்மீன்தான் என்பது அப்போது உறுதியானது.

இந்த இரண்டு ஆழங்களின் விகிதத்தில் ஓர் அழகான உண்மை இருக்கிறது. சுற்றுப்பாதை வட்டமாக இருப்பதால் இரண்டு கிரகணங்களிலும் மறைபடும் பரப்பு ஒரே அளவு. அதே பரப்பு ஏ-யில் மறைந்தால் 70 பங்கு ஒளி போகிறது, பி-யில் மறைந்தால் 5 பங்குதான் போகிறது. ஆக, பரப்புக்குப் பரப்பு ஒப்பிட்டால் ஏ, பி-யைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஒளிர்கிறது. பரப்பின் ஒளிர்வு வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால், அளவோ தொலைவோ எதுவும் தெரியாமலேயே எது வெப்பமானது, எது குளிர்ந்தது என்று சொல்லிவிடலாம். பாதை வட்டமாக இருந்தால், ஆழமான கிரகணத்தில் மறைக்கப்படுவது எப்போதும் வெப்பமான விண்மீன்தான். அது பெரியதாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. புதிதாகப் படிப்பவர்கள் பலரும் சறுக்கும் இடம் இது.

அடுத்து அகலம். கிரகணம் நீடிப்பது ஏறக்குறைய 10 மணி நேரம், அதாவது முழுச் சுற்றில் ஏழில் ஒரு பங்கு. கோணத்தில் 52 டிகிரி. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 26. இதன் சைன் மதிப்பு 0.44. இரண்டு விண்மீன்களின் ஆரங்களைக் கூட்டினால், அவற்றின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் வரும் என்பது இதன் பொருள். சுற்றுப்பாதையின் சிறு சாய்வையும் சேர்த்தால் இது இன்னும் கொஞ்சம் கூடும். சூரியக் குடும்பத்தில் நமக்குப் பழகிப்போன வெறுமை அங்கே இல்லை. ஒன்றையொன்று உரசும் அளவுக்கு நெருக்கம்.

பிறகு அடிமட்டத்தின் வடிவம். ஏ முழுவதுமாக மறைந்திருந்தால் வளைவின் அடி கொஞ்ச நேரம் தட்டையாக இருக்கும். அல்கோலில் அப்படி இல்லை. இறங்கியதும் ஏறத் தொடங்குகிறது. ஆகவே இது பகுதிக் கிரகணம். பாதை நம் பார்வைக் கோட்டிலிருந்து சில டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

கிரகணங்களுக்கு இடைப்பட்ட நேரத்திலும் கூர்ந்து அளந்தால் மெல்லிய ஏற்றம் தெரியும். ஏ-யின் வெப்பம் பி-யின் ஒரு பக்கத்தைச் சூடாக்குகிறது. அந்தப் பக்கம் நம்மை நோக்கித் திரும்பும்போது மொத்த ஒளி கொஞ்சம் கூடுகிறது.

படி 7: நிறமாலையிலிருந்து கிலோமீட்டருக்கு வாருங்கள்

இதுவரை கிடைத்தவை எல்லாம் விகிதங்கள். இதே ஒளி வளைவை, எல்லா அளவுகளும் இரு மடங்கான இன்னொரு ஜோடியும் தரக்கூடும். அந்தக் குழப்பத்தை நீக்குவது டாப்ளர் வேகம். எனக்கு இந்த முழு ஆய்விலும் மிகவும் பிடித்த படி இது. கீழே வரும் கணக்கைத் தயவுசெய்து காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

ஏ தன் பாதையில் நொடிக்கு ஏறக்குறைய 44 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கியும் விலகியும் அசைகிறது. பி-யின் வேகத்தை அளப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஏ-யின் பிரகாசத்தில் அதன் நிறமாலைக் கோடுகள் மூழ்கிக் கிடந்தன. 1978-இல்தான் டாம்கின், லாம்பர்ட் என்ற இரண்டு வானியலாளர்கள் பி-யின் சோடியம் கோடுகளைப் பிரித்தெடுத்தார்கள். குட்ரிக் பார்த்து ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பிறகு! இன்றைய அளவீடுகளில் பி-யின் வேகம் நொடிக்கு 195 கி.மீ. அளவில் இருக்கிறது.

இரண்டு வேகங்களையும் கூட்டினால் 239. ஒன்றின் மேல் நின்று மற்றொன்றைப் பார்த்தால் அது நொடிக்கு 239 கி.மீ. வேகத்தில் நம்மைச் சுற்றும். ஒரு சுற்று 2,47,740 நொடி. பெருக்கினால் பாதையின் சுற்றளவு 5 கோடியே 92 லட்சம் கி.மீ. இதை 6.283-ஆல் வகுத்தால் இடைத்தொலைவு 94 லட்சம் கி.மீ. சாய்வுக்கான திருத்தத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய 95 லட்சம். சூரியனுக்கும் புதன் கோளுக்கும் உள்ள சராசரித் தொலைவில் இது ஆறில் ஒரு பங்குதான்.

இனி கெப்ளரின் மூன்றாம் விதி. தொலைவை வானியல் அலகில் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவே ஓர் அலகு) எழுதுங்கள்: 0.0635. காலத்தை ஆண்டில் எழுதுங்கள்: 0.00785. தொலைவின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் மொத்த எடை சூரியனின் எடையில் கிடைக்கும். விடை ஏறக்குறைய 4.2.

இதை எப்படிப் பிரிப்பது? இரண்டும் ஒரே மையத்தைச் சுற்றுகின்றன. எடை கூடியது மெதுவாக நகரும், எடை குறைந்தது வேகமாக நகரும். 195-ஐ 44-ஆல் வகுத்தால் 4.4. பி ஒரு பங்கு என்றால் ஏ 4.4 பங்கு. ஆக ஏ-யின் எடை சூரியனைப் போல 3.4 மடங்கு, பி 0.77 மடங்கு. ஆய்வுக்கு ஆய்வு இந்த எண்கள் சற்று மாறினாலும் படம் இதுதான். 90 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் இரண்டு விண்மீன்களை நாம் எடைபோட்டுவிட்டோம்.

படி 8: எல்லாவற்றையும் ஒரே மாதிரியில் பொருத்துங்கள்

இடைத்தொலைவு கிலோமீட்டரில் தெரிந்துவிட்டதால் படி 6-இன் விகிதங்கள் எல்லாம் உயிர்பெறுகின்றன. ஏ-யின் ஆரம் சூரியனைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு, பி-யின் ஆரம் 3.4 மடங்கு. வெப்பநிலை ஏ-க்கு 12,500 கெல்வின் அளவிலும் பி-க்கு 4,900 அளவிலும் இருக்கிறது. ஆரத்தின் வர்க்கத்தையும் வெப்பநிலையின் நான்காம் அடுக்கையும் பெருக்கினால், ஏ சூரியனைப் போல 170 மடங்குக்கும் மேல் ஒளிர்வதும், பி அதைவிடப் பெரியதாக இருந்தும் 6 மடங்கு மட்டுமே ஒளிர்வதும் தெரியும்.

சொல்வது எளிது, உண்மையில் எல்லா அளவுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. சாய்வைக் கொஞ்சம் மாற்றினால் ஆரம் மாறும், ஆரம் மாறினால் வெப்பநிலை மாறும். 1912-இல் ஹென்றி நோரிஸ் ரசல் இதற்கு முதல் முறையான கணித வழியைத் தந்தார். 1971-இல் ராபர்ட் வில்சனும் எட்வர்ட் டெவினியும் எழுதிய கணினி நிரல், விண்மீன்களின் உருத்திரிபு, ஒன்றை ஒன்று சூடாக்குவது, விண்மீனின் விளிம்பு நடுப்பகுதியைவிட மங்கலாகத் தெரிவது எல்லாவற்றையும் ஒருசேரக் கணக்கில் எடுத்தது. அதன் வழிவந்த நிரல்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

அல்கோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்றாவதாக ஒரு விண்மீன், சி, இந்த ஜோடியை 680 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. எந்தக் கிரகணத்திலும் பங்கேற்காத அதன் ஒளியைக் கழிக்காவிட்டால் ஆழங்கள் எல்லாம் தவறாகும். சி-யின் ஈர்ப்பால் ஏ-பி ஜோடி முன்னும் பின்னும் அசைவதால், கிரகணங்கள் சில நிமிடம் முந்தியும் பிந்தியும் வருகின்றன. படி 4-இன் துல்லியம் இப்படி மறைந்திருக்கும் விண்மீனையே காட்டிக்கொடுக்கும்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் இல்லை. 1924-இல் டீன் மக்லாக்லின், கிரகணத்தின்போது அல்கோலின் டாப்ளர் வேகம் வழக்கத்துக்கு மாறாகக் குலைவதைப் பதிவுசெய்தார். ஏ சுழல்வதால் அதன் ஒரு பாதி நம்மை நோக்கியும் மறுபாதி விலகியும் நகர்கிறது. பி முதலில் நெருங்கும் பாதியை மறைக்கிறது. மிஞ்சும் ஒளி விலகுவது போலத் தோன்றுகிறது. பிறகு இதற்கு நேர்மாறு. அதே ஆண்டு ரிச்சர்ட் ராசிட்டர் பீட்டா லைரே என்ற இன்னொரு கிரகண இரட்டையில் இதைக் கண்டார். ராசிட்டர்–மக்லாக்லின் விளைவு என்ற இதை வைத்துத்தான் இன்று பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் பாதை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள்.

இவை எல்லாம் கணக்கில் மட்டும் வாழும் விண்மீன்களா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. கலிபோர்னியாவின் மவுன்ட் வில்சனில் ஆறு தொலைநோக்கிகளை இணைத்து ஒன்றாகச் செயல்படும் சாரா ஒளிக்குறுக்கீட்டு அமைப்பு, அல்கோலின் விண்மீன்களைத் தனித்தனியாகப் படம்பிடித்தது. முடிவுகள் 2012-இல் வெளியாயின. ஏ-க்கும் பி-க்கும் இடைப்பட்ட கோணம், ஒரு டிகிரியை 15 லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவுதான். மறைப்பிலிருந்து கணக்கிட்ட ஜோடி அங்கே இருந்தது.

படி 9: எடை குறைந்தது எப்படி முதுமையடைந்தது?

இப்போது உங்கள் கையில் இருக்கும் எண்களைத் திரும்பப் பாருங்கள். அவற்றில் ஒரு முரண் இருக்கிறது. ஏ, 3.4 சூரிய எடையுள்ள இளமையான விண்மீன். மையத்தில் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்கிறது. பி, 0.77 சூரிய எடை மட்டுமே உள்ளது. ஆனால் ஊதிப் பெருத்து, குளிர்ந்து, முதுமையின் வாசலில் நிற்கிறது. எடை கூடிய விண்மீன்தான் எரிபொருளை வேகமாகத் தீர்க்கும். 0.77 சூரிய எடையில் பிறந்த ஒரு விண்மீன், பேரண்டத்தின் 1,380 கோடி ஆண்டு வயதுக்குள் முதுமையடையவே முடியாது. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை என்றால் இது நடந்திருக்கவே கூடாது. அல்கோல் முரண் என்று வானியலாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

1955-இல் ஜான் க்ராஃபர்ட் தந்த விடை: பி ஒரு காலத்தில் எடை கூடியதாக இருந்தது. ஜோடியாக வாழும் ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் அதன் ஈர்ப்பு ஆளும் எல்லை ஒன்று உண்டு. ரோஷ் மடல் என்று பெயர். இரண்டு எல்லைகளும் நடுவே ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்ளும். எடை கூடிய பி முதலில் முதுமையடைந்து ஊதியபோது அந்த எல்லையை நிரப்பியது. அதற்கு மேல் ஊத முயன்ற வாயு, நிரம்பிய ஏரியின் கலிங்கு வழியே வழியும் நீரைப் போல, அந்தப் புள்ளி வழியாக ஏ-யின் பக்கம் வழிந்தது. பி எடை இழந்தது, ஏ எடை பெற்றது, தராசு தலைகீழானது. 1967-இல் கிப்பன்ஹானும் வைகர்ட்டும் கணினியில் இந்தப் பரிமாற்றத்தைப் படிப்படியாக நடத்திக் காட்டினார்கள்.

பி இன்றும் தன் ரோஷ் மடலை நிரப்பியே இருக்கிறது. வாயு இன்னும் ஓடுகிறது. ஆனால் இரண்டும் மிக நெருக்கமாக இருப்பதால், அது வட்டாகச் சுழல இடமில்லாமல் நேராக ஏ-யின் மேற்பரப்பில் மோதுகிறது. இப்படி ஒன்று மட்டும் தன் ரோஷ் மடலை நிரப்பிய ஜோடிகளை அல்கோல் வகை என்றே வானியலில் அழைக்கிறார்கள். விண்மீன்கள் தனியாக வாழ்வது போலவே ஜோடியாகவும் வாழ்ந்து முடிக்கும் என்ற பழைய எண்ணத்தைத் தகர்த்தது அல்கோல் என்ற இந்த ஒற்றை ஒளிப்புள்ளிதான்.

படி 10: அடுத்த விண்மீன்களுக்குப் போங்கள்

எடையும் ஆரமும் நேரடியாகக் கிடைப்பதால், கிரகண இரட்டைகளே மற்ற விண்மீன் கோட்பாடுகளுக்கு உரைகல். ஆரமும் பரப்பின் ஒளிர்வும் தெரிந்தால் உண்மையான ஒளிர்வு தெரியும். அதைக் கண்ணுக்குத் தெரியும் பொலிவோடு ஒப்பிட்டால் தொலைவும் தெரியும். போலந்து வானியலாளர் க்ஷெகோஷ் பியெட்ஷின்ஸ்கியின் குழு, இந்த வழியில், நம் பால்வீதிக்கு அருகில் இருக்கும் சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லானிக் மேகத்தின் தொலைவை 2019-இல் ஒரு சதவீதத் துல்லியத்துக்கு அளந்தது: ஏறக்குறைய 1,62,000 ஒளியாண்டு. பேரண்டம் விரியும் வேகத்தை அளக்கும் ஏணியில் அது ஒரு முக்கியப் படிக்கட்டு.

உங்களுக்கு அடுத்த இலக்காக லாம்டா டாரியைப் பரிந்துரைப்பேன். கார்த்திகைக்குத் தெற்கே இடப விண்மீன் குழுவில் இருக்கிறது, 3.95 நாளுக்கு ஒருமுறை 3.4-இலிருந்து 3.9-க்கு மங்கும். ஆழம் குறைவு என்பதால் அல்கோலில் பழகிய கண்ணுக்கு நல்ல சோதனை. கோடை இரவுகளில் பீட்டா லைரே: 1784-இல் குட்ரிக் கண்டறிந்தது, ஏறக்குறைய 12.9 நாள் சுற்றுக்காலம். அதன் விண்மீன்கள் ஈர்ப்பால் முட்டை வடிவாக நீண்டிருப்பதால் ஒளி வளைவு எங்கும் தட்டையாக இருக்காது. வெறும் கண்ணால் பல வாரம் தொடர்ந்து பார்த்தால் போதும்.

ஆரிகா விண்மீன் குழுவில் இருக்கும் எப்சிலான் ஆரிகே இவற்றிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. அதன் சுற்றுக்காலம் 27 ஆண்டு. மறைப்பது தூசு வட்டு ஒன்று. கிரகணம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு நீடிக்கும். கடந்தது 2009 முதல் 2011 வரை நடந்தது. அடுத்தது 2036-இல் தொடங்கும். மங்காத நிலையில் அதன் பொலிவை இப்போதிருந்தே மாதம் ஒருமுறை குறித்துவைத்தால், கிரகணம் தொடங்கும்போது ஒப்பிட உங்கள் சொந்த அளவீடு கையில் இருக்கும்.